பக்திப் படமும் பார்ப்போர் உள்ளமும்



கதை கேட்பதில் நம் நாட்டாருக்கு உள்ள ஆர்வம் நேற்று இன்று தோன்றியதன்று. காஞ்சிபுரத்தை அடுத்துக் கூரம் என்று ஒரு சிற்றூர் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் அவ்வூரில் ஒரு சிவன் கோயிலை எடுப்பித்தான். அக்கோயிலுக்கு அவன் விட்ட கொடைகளைக் கூறும் செப்பேடு நமக்குக் கிடைத்திருக்கிறது. பூசைக்கும் பழுதுபார்ப்புக்கும் பங்கு வகுத்த அவ்வேந்தன், மண்டபத்தில் அமர்ந்து பாரதம் வாசிப்பதற்கென்றும் ஒரு பங்கு வகுத்திருக்கிறான். விளக்குக்கு எண்ணெய் எவ்வளவு இன்றியமையாததோ, அவ்வளவு இன்றியமையாதது ஊரார் கூடிக் கேட்கும் கதை என்று அக்காலத்தார் எண்ணியிருந்தனர் என்பது இதனால் விளங்குகிறது.

அன்று மண்டபத்தில் கதை கேட்ட மக்களின் வழியினரே பின்னாளில் கூத்துக் களத்தைச் சூழ்ந்து அமர்ந்தனர். அதன்பின் சினிமாக் கொட்டகையில் நுழைந்தனர். இன்று வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சிப் பெட்டியின்முன் அமர்கின்றனர். கதை சொல்லும் கருவி மாறிவிட்டது. கேட்பவர் உள்ளம் எவ்வளவு மாறியிருக்கிறது? தெய்வமும் வரலாறும் வீரச் செயலும் ஒன்றாகக் கலந்து வரும் படங்களைக் காணும்போது நம் மக்கள் எவ்வாறு நடந்துகொள்கிறார்கள்? அதனால் விளையும் நன்மை தீமைகள் யாவை? பள்ளிக்கூடத்தில் பல்லாண்டுகள் பணியாற்றிய ஒருவனின் கண்ணோடு இவற்றை இன்று பார்க்கலாம் என்று எண்ணுகிறேன்.

முதலில் கூத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். காஞ்சிபுரம் வட்டாரம் தெருக்கூத்துக்குப் பெயர் பெற்றது. திரௌபதியம்மன் கோயில்களில் பதினெட்டு நாள் பாரதம் நடக்கும்போது, பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நிகழும். அங்கே பார்ப்பவர் வேறு, நடிப்பவர் வேறு என்ற வேலி கிடையாது. அருச்சுனன் தவம் செய்வதற்காக நட்ட மரத்தில் ஏறும்போது, பிள்ளைப் பேறு வேண்டும் பெண்கள் ஈரப் புடைவையோடு அதன் அடியில் காத்திருப்பார்கள். மேலிருந்து அவன் எறியும் எலுமிச்சம் பழம் மடியில் விழாதா என்பது அவர்கள் ஏக்கம். துகிலுரியும் காட்சிக்கு முன் துச்சாதனன் வேடம் பூண்டவர் அம்மனைத் தொழுது, தாம் செய்யப்போகும் செயலுக்காகப் பொறுத்தருள வேண்டிக்கொள்வார். இறுதி நாளில் துரியோதனன் படுகளம். மண்ணால் செய்த பேருருவைச் சுற்றி ஊரே திரண்டு நிற்கும். நாடகம் முடிந்தது என்று எவரும் அங்கே கைதட்டிக் கலைவதில்லை. ஏதோ ஒரு நேர்த்திக்கடனைச் செலுத்திய நிறைவோடு வீடு திரும்புகிறார்கள்.

இத்தகைய மக்கள் முன்னே திரைப்படம் வந்து நின்றபோது என்ன நிகழும்? நிகழ வேண்டியதே நிகழ்ந்தது. தாதாசாகிப் பால்கே என்பவர் 1910-ஆம் ஆண்டளவில் பம்பாயில் ஏசுநாதரின் வாழ்க்கையைக் காட்டும் படமொன்றைக் கண்டார். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் மனக்கண்ணில் இராமனும் கண்ணனும் தோன்றினார்களாம். 1913-இல் அவர் 'ராஜா அரிச்சந்திரா'வை வெளியிட்டார். 1917-இல் வந்த அவருடைய 'லங்கா தகனம்' படத்தில் இராமனாகவும் சீதையாகவும் நடித்தவர் ஒரே ஆண்மகன். ஆயினும் திரையில் இராமன் தோன்றியபோது மக்கள் காலணியைக் கழற்றி வைத்துக் கைகூப்பினர் என்று எழுதியிருக்கிறார்கள். வேடம் பூண்டவர் யார் என்ற ஆராய்ச்சி அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

அதுமுதல் இந்நாடு முழுவதும் இதே காட்சியைக் காண்கிறோம். 1971-இல் 'ஆதிபராசக்தி' படம் ஓடிய கொட்டகைகளில் பெண்கள் அருள் வந்து ஆடினார்கள். 1975-இல் வடநாட்டில் 'ஜெய் சந்தோஷி மா' என்ற படம் வந்தது. சிறு செலவில் எடுக்கப்பட்ட அப்படத்துக்கு மக்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே சென்றார்கள், திரையை நோக்கிப் பூவும் காசும் வீசினார்கள், ஆரத்தி காட்டினார்கள். 1987 சனவரி முதல் 1988 சூலை வரை ஞாயிறுதோறும் காலையில் தூரதர்சனில் இராமாயணம் ஒளிபரப்பானபோது, தொலைக்காட்சிப் பெட்டிக்கே மாலை சூட்டிப் பொட்டிட்டவர்கள் உண்டு. இந்தி ஒரு சொல்லும் அறியாத எங்கள் தெருப் பாட்டிமார்கூட நீராடிவிட்டு வந்து அதன்முன் அமர்ந்ததை நான் கண்டிருக்கிறேன்.

படித்தவர்கள் இவற்றைக் கண்டு நகைப்பதுண்டு. எனக்கு நகைக்கத் தோன்றவில்லை. ஒளியும் நிழலும் கூடிய திரை அது என்பதை அந்தப் பாட்டியும் அறிவாள். கல்லிலும் செம்பிலும் தெய்வத்தைக் காணப் பழகியவள் திரையிலும் காண்கிறாள், அவ்வளவுதான். காட்சி முடிந்ததும் அடுப்படிக்குச் சென்று உலையை ஏற்றுகிறாள். அவளால் எவருக்கும் தீங்கில்லை.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். 1967-இல் ஏ. பி. நாகராஜன் இயக்கத்தில் 'திருவருட்செல்வர்' என்ற படம் வெளிவந்தது. சேக்கிழார் பெருமான் பாடிய பெரியபுராணத்து அடியார்கள் சிலரின் வரலாற்றை உட்கொண்ட படம் அது. அதில் சிவாஜி கணேசன் ஏற்ற வேடங்களுள் ஒன்று திருக்குறிப்புத் தொண்டர். அவர் எங்கள் காஞ்சிபுரத்து அடியார்; அழுக்கு வெளுக்கும் தொழிலினர். குளிரில் நடுங்கி வந்த முதியவர் ஒருவரின் கந்தையை வாங்கி, மாலைக்குள் வெளுத்து உலர்த்தித் தருவதாகச் சொன்னார். மழை விடவில்லை. சொன்ன சொல் தவறிற்றே என்று துணி துவைக்கும் கல்லிலேயே தலையை மோதிக்கொள்ள முற்பட்டபோது, இறைவன் திருக்கை தோன்றித் தடுத்தது என்பது புராணம். சொன்ன நாளில் சேலையை முடித்துக் கொடுக்க இரவெல்லாம் கண்விழித்துத் தறியில் அமரும் மக்கள் வாழும் ஊர் எங்களுடையது. வாக்குத் தவறுவது எத்தகைய வேதனை என்பதை அவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

இப்படம் சில ஆண்டுகள் கழித்து எங்கள் பக்கத்தில் மீண்டும் திரையிடப்பட்டபோது எனக்கு வயது பதினைந்து இருக்கும். அதில் திருநாவுக்கரசர் தோன்றும் பகுதி வந்ததும் கொட்டகையில் ஒரு சலசலப்பு. முன் வரிசையில் மணலில் அமர்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று கைகூப்பினார்கள். அப்பர் வேடத்துக்குக் காஞ்சி மடத்துப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரசுவதி அவர்களின் தோற்றத்தையே தாம் முன்மாதிரியாகக் கொண்டதாகச் சிவாஜி கணேசன் கூறியிருக்கிறார். அந்தச் செய்தியை அறிந்தவர் எங்களுள் அன்று எத்தனை பேர் இருந்திருப்பர்? ஆயினும் வளைந்த முதுகையும் நடையையும் பார்வையையும் கண்டு, அன்றாடம் தாங்கள் நேரில் வணங்கிய உருவத்தை அவர்கள் உடனே உணர்ந்துகொண்டார்கள். ஏழாம் நூற்றாண்டு அடியார், இருபதாம் நூற்றாண்டுத் துறவி, நம் காலத்து நடிகர் என்ற மூவரும் ஓர் உருவாகத் திரையில் நின்றனர். அன்று எழுந்து நின்றவர்கள் அம்மூவருள் யாரை வணங்கினார்கள் என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரிந்திராது.

இதுவரை நான் கூறியவை இனிய செய்திகள். பக்திப் படம் பார்ப்போரை ஒன்றுசேர்க்கும் வகையை இவற்றில் கண்டோம். அதே படம் பார்ப்போரைப் பிரிப்பதும் உண்டு. கதையில் அடியவர் இருந்தால் அவருக்குத் துன்பம் இழைப்பவர் ஒருவரும் இருக்கவேண்டும் அன்றோ? அந்தத் துன்பம் இழைப்பவர் நம்மவராக இருந்துவிட்டால் என்ன செய்வது?

2008-ஆம் ஆண்டு சூன் 13-ஆம் நாள் 'தசாவதாரம்' என்ற படம் வெளிவந்தது. கே. எஸ். ரவிகுமார் இயக்கியது; கமல்ஹாசன் பத்து வேடங்களில் நடித்தது. படத்தின் பெரும்பகுதி இக்காலத்தில் நிகழும் துரத்தலும் தப்பித்தலுமான வீரக் கதை. ஆனால் அதன் தொடக்கம் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தில்லையில் நிகழ்கிறது. குலோத்துங்க சோழன் கோவிந்தராசப் பெருமாளின் திருவுருவைப் பெயர்த்துக் கடலில் இட முனைகிறான். ரங்கராஜன் நம்பி என்னும் வைணவன் அதை எதிர்க்கிறான். ஐந்தெழுத்தைச் சொன்னால் உயிர் பிழைக்கலாம் என்ற நிலையிலும் அவன் எட்டெழுத்தையே சொல்கிறான். கொக்கிகள் அவன் உடலைத் துளைக்கின்றன. சிலையோடு பிணைக்கப்பட்டுக் கடலில் ஆழ்த்தப்படுகிறான். 2004 திசம்பர் 26-இல் வந்த ஆழிப் பேரலையில் அச்சிலை கரைக்கு வருவதாகப் படம் முடிகிறது.

இப்படம் வெளிவருமுன்பே அது சமய உணர்வைப் புண்படுத்தும் என்று கூறிச் சிலர் நீதிமன்றம் சென்றார்கள். வெளிவந்தபின் ஒவ்வொருவரும் ஒவ்வொரு படத்தைக் கண்டார்கள் என்றே சொல்லவேண்டும். நம்பியின் உறுதியைக் கண்டு கண்ணீர் விட்டவர் ஒருபுறம். அந்தக் கொடுமைக்குச் சைவ சமயமே காரணம் என்று காட்டிவிட்டார்களே என மனம் நொந்தவர் ஒருபுறம். நாத்திகர் ஒருவர் பக்தராக நடிக்கலாமா என்று கேட்டவரும் உண்டு. பகுத்தறிவாளர் பக்திப் படம் எடுக்கலாமா என்று கேட்டவரும் உண்டு. இவை எவற்றையும் பொருட்படுத்தாமல், பத்து வேடத்தையும் எண்ணிச் சரிபார்த்துக்கொண்டு வீடு திரும்பிய சிறுவர் கூட்டமும் உண்டு.

பிற ஊர்களில் இந்த விவாதம் தேநீர்க் கடையோடு முடிந்திருக்கலாம். காஞ்சிபுரத்தின் நிலை வேறு. ஏகாம்பரநாதர் எழுந்தருளியிருக்கும் பெரிய காஞ்சி சிவகாஞ்சி. வரதராசப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் சின்னக் காஞ்சி விஷ்ணுகாஞ்சி. இரண்டுக்கும் நடுவே ஓடுவது ஒரே சாலை. இரண்டு பகுதிப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் ஒரே பலகையில் அமர்ந்து படிக்கிறார்கள்.

அப்போது நான் ஒரு பள்ளியில் தலைமையாசிரியனாக இருந்தேன். படம் வெளிவந்த அடுத்த வாரத்தில் ஒருநாள், ஒன்பதாம் வகுப்பில் இரண்டு மாணவர் கைகலந்ததாகச் செய்தி வந்தது. இருவரும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள், இணைபிரியாத தோழர்கள். ஒருவன் பெரிய காஞ்சி, மற்றவன் சின்னக் காஞ்சி. "உங்கள் ராஜா எங்கள் சாமியைக் கடலில் போட்டான்" என்று ஒருவன் சொல்லியிருக்கிறான். "சினிமாவில் காட்டினால் உண்மையா?" என்று மற்றவன் கேட்டிருக்கிறான். அதற்குமேல் பேச்சு கையில் முடிந்திருக்கிறது. என் அறையில் வந்து நின்ற பெரிய காஞ்சிப் பிள்ளை, அழுகையை அடக்கிக்கொண்டு, "ஐயா, உண்மையிலேயே நாம் அப்படிச் செய்தோமா?" என்று கேட்டான்.

அவன் 'நாம்' என்று சொன்னதை நான் கவனித்தேன். எண்ணூறு ஆண்டுக்கு முந்திய ஓர் அரசனின் செயலுக்கு இந்தப் பதினான்கு வயதுப் பிள்ளை பொறுப்பேற்று நிற்கிறான். திரைப்படம் சில நாழிகையில் செய்த வேலை இது. வரலாற்றுப் பாடம் ஓர் ஆண்டு முழுவதும் நடத்தினாலும் இவ்வளவு ஆழமாகப் பிள்ளையின் உள்ளத்தில் இறங்குவதில்லை. ஆதலால், 'அது வெறும் சினிமா, போய்ப் படி' என்று அனுப்பிவிடுவது முறையன்று என்று எனக்குத் தோன்றியது. கேட்டவனுக்கு மறுமொழி வேண்டும். அம்மறுமொழி உண்மையாகவும் இருக்கவேண்டும்.

உண்மை என்ன? தில்லைக் கோவிந்தராசர் திருவுரு அகற்றப்பட்டது கட்டுக்கதை அன்று. இரண்டாம் குலோத்துங்கன் 1133 முதல் 1150 வரை ஆண்டவன். தில்லைக் கோயிலை விரிவாகத் திருப்பணி செய்தவன். அப்பணியின்போது திருமாலைக் கடலுக்கு அனுப்பினான் என்பதை அவன் அவைக்களப் புலவர் ஒட்டக்கூத்தரே புகழ்ச்சியாகப் பாடியிருக்கிறார். அகற்றப்பட்ட பெருமானை நினைந்து இராமாநுசர் திருப்பதி மலையடிவாரத்தில் கோவிந்தராசரை எழுந்தருளச் செய்தார் என்பது வைணவ மரபு. 1539-இல் விசயநகர வேந்தர் அச்சுத தேவராயர் காலத்தில் தில்லையில் பெருமாள் மீண்டும் எழுந்தருளினார். இன்று ஓரிடத்தில் நின்றபடியே ஆடும் பெருமானையும் கிடந்த பெருமானையும் அங்கே கண்டு வணங்கலாம். இவை வரலாறும் மரபும். ரங்கராஜன் நம்பியோ படத்துக்கென்று படைக்கப்பட்ட பாத்திரம். கொக்கியும் சிலையோடு பிணைத்தலும் கதாசிரியர் கற்பனை.

இன்னொன்றும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். சேக்கிழாரைக் கொண்டு பெரியபுராணம் பாடுவித்த அநபாய சோழன் இந்த இரண்டாம் குலோத்துங்கனே என்று அறிஞர் பலர் கொள்வர். அப்படியானால், 'தசாவதாரத்'தில் கொடியவனாக வரும் மன்னனே, 'திருவருட்செல்வர்' படத்துக்கு மூலமான நூல் பிறக்கக் காரணமாக இருந்தவன். ஒரே மனிதன், ஒரு கொட்டகையில் அவனைப் பழிக்கிறோம், மற்றொரு கொட்டகையில் அவன் தந்த செல்வத்தைத் துய்த்துக் கைகூப்புகிறோம். மேலும் அதே சோழர் குடியைச் சேர்ந்த முதற் குலோத்துங்கன் முதலியோர் காலத்துக் கொடைகளைக் கூறும் கல்வெட்டுகள் சின்னக் காஞ்சி வரதராசர் கோயில் சுவர்களிலேயே இருக்கின்றன. ஓர் அரசனின் செயலை ஒரு குடியின்மேல் ஏற்றுவதும், ஒரு குடியின் செயலை ஒரு சமயத்தின்மேல் ஏற்றுவதும், அதை இன்று பக்கத்தில் அமர்ந்திருக்கும் தோழன்மேல் ஏற்றுவதும் எவ்வளவு பெரிய பிழை என்பதை அந்தச் சுவர்கள் கூறும்.

சொல்லால் மட்டும் தெளிவு பிறவாது என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த முதற்பாடம். ஆகவே அடுத்த சனிக்கிழமை அவ்வகுப்பைக் கூரத்துக்கு அழைத்துச் சென்றோம். முன்னே நான் கூறிய பரமேசுவரவர்மன் கோயில் இருக்கும் ஊர் அது. இராமாநுசரின் தலைமாணாக்கர் கூரத்தாழ்வான் பிறந்த ஊரும் அதுவே. பல்லவ மன்னன் கட்டிய சிவன் கோயிலையும், ஆழ்வானுக்குச் சந்நிதி உள்ள ஆதிகேசவப் பெருமாள் கோயிலையும் ஒரே காலைப்பொழுதில் நடந்தே பார்த்தோம்.

அங்கே மர நிழலில் அமர்ந்து ஆழ்வானின் வரலாற்றைச் சொன்னேன். சிவனுக்கு மேற்பட்ட பொருள் இல்லை என்று கையெழுத்திடுமாறு சோழன் ஒருவன் இராமாநுசரை அழைத்தான் என்றும், அவருக்கு மாறாக அவர் வேடம் பூண்டு ஆழ்வான் அவைக்குச் சென்றார் என்றும் வைணவ குருபரம்பரை கூறும். அம்மன்னன் யாவன் என்பதில் ஆராய்ச்சியாளர் ஒருமித்த கருத்துக் கொள்ளவில்லை. 'சிவம்' என்ற சொல்லுக்குக் குறுணி என்னும் அளவும் ஒரு பொருள். குறுணியினும் பெரியது பதக்கு ஆயிற்றே என்று ஆழ்வான் எழுதிக் கொடுத்தாராம். பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சிலேடைக்கு அவர் கொடுத்த விலை இரண்டு கண்கள் என்றதும் சிரிப்பு அடங்கிவிட்டது.

பின்னர் நெடுங்காலம் கழித்து ஆழ்வான் காஞ்சிக்கு வந்தார். வரதனிடம் கண்ணை வேண்டிப் பாடுமாறு ஆசாரியர் பணித்திருந்தார். வரதன் முன்னே நின்ற ஆழ்வான் என்ன கேட்டார் தெரியுமா? தம்மைச் சோழனிடம் காட்டிக் கொடுக்கக் காரணமாக இருந்தவன் நாலூரான் என்பவன். ஒருகாலத்தில் அவருடைய மாணாக்கனே அவன். தமக்கு என்ன பேறு கிடைக்குமோ அது அவனுக்கும் கிடைக்கவேண்டும் என்று கேட்டாராம். இந்தப் பகுதியைச் சொல்லி முடித்ததும் நான் விளக்கம் ஒன்றும் கூறவில்லை. சின்னக் காஞ்சிப் பிள்ளை தலைகுனிந்து மண்ணைக் கீறிக்கொண்டிருந்தான். சற்றுப் பொறுத்து, "இதை ஏன் ஐயா படமாக எடுக்கவில்லை?" என்று கேட்டான். அவன் கேட்டது நியாயமான கேள்வி. கொக்கியில் தொங்குவதைக் காட்டுவது எளிது. மன்னிப்பதைக் காட்டுவது அரிது என்பதைத் தவிர அதற்கு வேறு மறுமொழி எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவோடு நான் அமைதி அடைந்துவிடவில்லை. அதே வகுப்பில் சமணப் பிள்ளை ஒருவனும் இருந்தான். காஞ்சிபுரத்தின் ஒரு பகுதியாகிய திருப்பருத்திக்குன்றம் சினகாஞ்சி எனப் பெயர் பெற்றது. அங்கே திரைலோக்கியநாதர் கோயில் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறு வண்ண ஓவியமாக விளங்குகிறது. நம் நாட்டின் பழைய தமிழ்க்குடிகளுள் சமணரும் ஒருவர். அப்பர் பெருமானை நீற்றறையில் இட்டதும், நஞ்சூட்டியதும், கல்லோடு பிணித்துக் கடலில் எறிந்ததும் சமணர் சொற்கேட்ட பல்லவனே என்று புராணம் கூறும். கதாகாலட்சேபத்திலும் நாடகத்திலும் அந்தக் கட்டம் வரும்போதெல்லாம் நாம் சமணரைப் பழித்து ஆரவாரிக்கிறோம். கல்லோடு பிணித்துக் கடலில் எறிவது ஒரு கதையில் சைவ மன்னன் செயல். மற்றொரு கதையில் சைவ அடியாருக்கு நேர்ந்த துன்பம். 'எங்களைக் கொடியவராகக் காட்டினார்களே' என்று அன்று அழுத பிள்ளை, இந்தக் கதைக்குக் கைதட்டியவர்களுள் ஒருவனே. அவன் கைதட்டியபோது பக்கத்தில் இருந்த சமணப் பிள்ளை என்ன நினைத்திருப்பான்? ஒவ்வொரு சமயத்தாரும் யாரோ ஒருவர் கதையில் கொடியவராகத்தான் இருக்கிறார்கள். இதை உணர்ந்துகொண்டால் நம் ஆரவாரம் சிறிது அடங்கும்.

அப்படியானால் இத்தகைய படங்களே வேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லை. சமயத்தைக் குறித்துச் சிரிக்கவும் சிந்திக்கவும் தெரிந்த ஊர் காஞ்சி. அப்பர் வரலாற்றோடு சேர்த்துப் பேசப்படும் மகேந்திரவர்மனே 'மத்தவிலாசம்' என்ற நகை நாடகத்தை வடமொழியில் இயற்றினான். கதை நிகழும் இடம் காஞ்சிபுரத் தெரு. மண்டையோட்டைத் தொலைத்துவிட்டுத் தள்ளாடும் காபாலிகன், அவன் வீண்பழி சுமத்தும் பௌத்தத் துறவி, இன்னும் பாசுபதர், பித்தர் எல்லாரும் அதில் வருகிறார்கள். கடைசியில் மண்டையோட்டைக் கவ்விச் சென்றது ஒரு நாய் என்று தெரிகிறது. எச்சமயத்தாரையும் விட்டுவைக்காத அந்நாடகத்தை எழுதியவன் நாடாளும் அரசன். ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முன்பு நம் முன்னோர்க்கு இருந்த பொறுமை இன்று நமக்கு இல்லாமற்போகலாமா?

வேண்டுவது தடை அன்று, பார்க்கும் பயிற்சி. இதை எங்கள் ஊர்த் தொழிலை வைத்தே சொல்லுகிறேன். காஞ்சிபுரத்தில் உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக அமைந்த கோர்வைச் சேலை நெய்கிறார்கள். உடலுக்குரிய ஊடை வேறு, இரு கரைகளுக்குரிய ஊடை வேறு. மூன்று நாடாவைக் கொண்டு, துணையாள் ஒருவர் பக்கத்தில் இருந்து உதவ, இழைக்கு இழை கோத்து நெய்யவேண்டும். இழுத்தாலும் பிரியாதபடி இரண்டும் இணைந்திருக்கும். ஆனால் சேலை வாங்கத் தெரிந்தவர், உடல் எங்கே முடிகிறது, கரை எங்கே தொடங்குகிறது என்பதைத் திருப்பிப் பார்த்து அறிவார். அறிந்ததால் அவருக்குச் சேலையின் அழகு குறைந்துவிடுவதில்லை. நெய்தவரின் திறமை இன்னும் நன்றாக விளங்கும். வரலாறும் பக்தியும் கற்பனையும் கலந்த படத்தையும் இவ்வாறே பார்க்கவேண்டும். எது கல்வெட்டுச் சொல்வது, எது அடியார் மரபு சொல்வது, எது கதாசிரியர் சேர்த்தது என்று கோர்வையைக் காணப் பிள்ளைகளைப் பழக்கவேண்டும்.

இதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டியதில்லை. படம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தபின் பெற்றோர் பிள்ளைகளிடம் மூன்று கேள்வி கேட்கலாம். இதில் நடந்தது எவ்வளவு, படைத்தது எவ்வளவு? இதில் கொடியவராகக் காட்டப்பட்டவரின் வழியினர் இப்படத்தைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? இதில் வந்த ஊர் எங்கே இருக்கிறது, ஒருநாள் போய்ப் பார்ப்போமா? ஆசிரியர்களும் வகுப்பில் இவற்றைக் கேட்கலாம். 2022-இல் 'பொன்னியின் செல்வன்' முதற்பாகம் வந்தபோது இராசராசனின் சமயத்துக்கு என்ன பெயர் என்று நாடே வாதிட்டது. நான் பணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட காலம் அது. அண்டை வீட்டுப் பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்டார்கள். சுந்தர சோழர் கண்மூடியது காஞ்சிபுரத்துப் பொன்மாளிகையில் என்பதனாலேயே கல்வெட்டுகள் அவரைப் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' என்று குறிக்கின்றன என்றேன். "நம் ஊரிலா, தாத்தா? எந்த இடத்தில்?" என்று அவர்கள் கண்கள் விரிந்தன. வாதம் மறைந்து தேடல் தொடங்கிவிட்டது. திரைப்படம் செய்யக்கூடிய நன்மை இதுவே என்று கருதுகிறேன்.

அந்த இரு தோழர்களைப் பற்றி நேயர்கள் கேட்கக்கூடும். கூரத்துக்குப் போய் வந்த மறுநாளே அவர்கள் தோளில் கை போட்டுக்கொண்டார்கள் என்று சொல்ல இயலாது. சில வாரங்கள் தனித்தனிப் பலகையில்தான் அமர்ந்தார்கள். காலாண்டுத் தேர்வு நெருங்கியபோது, ஒருவனிடம் இல்லாத கணக்குக் குறிப்பு மற்றவனிடம் இருந்தது; அதன் பொருட்டுப் பேச்சு மீண்டும் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளின் பிணக்கு பெரும்பாலும் இவ்வாறுதான் தீர்கிறது. பெரியவர்கள் அதைத் தீராதபடி செய்துவிடாமல் இருந்தால் போதும்.

திரையில் தெய்வம் தோன்றும்போது கைகூப்ப விரும்புவோர் தாராளமாகக் கைகூப்பட்டும். அது நம் பாட்டன் பாட்டி தந்த உரிமை. அதே கையை, கதையில் தோற்றவரின் பெயரைச் சொல்லிப் பக்கத்தில் இருப்பவர்மேல் ஓங்காமல் இருக்கக் கற்றுக்கொள்வோம். நம் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுப்போம்.